கூரையில் ஒரு துளை

ஷ்கோடர் ஏரிக்காற்று பட்டறைக்குள் புழுதி கொண்டுவரும்.
அதனால் வண்ணம் அடிப்பதை விடியலுக்கு வைத்துக்கொள்வேன்,
தரையில் தண்ணீர் தெளித்து,
நாயை வெளியே கட்டிவிட்டு.
தேய்ப்புக்கு நேரம் காலம் கிடையாது.

ஜுஸ்தினாவின் மெர்சிடிஸ். எண்பத்து நான்காம் வருஷத்தது.
கான்சல் ஒருவர் வைத்திருந்த வண்டி என்று
அவள் கணவர் ஸெஃப் முப்பது வருஷம் ஊருக்குச் சொன்ன வண்டி.
மார்ச்சில் அவரைப் புதைத்தார்கள்.
மே மாதம் சாவியை என் மேஜைமேல் வைத்தாள்:
"கறுப்பு வெளுத்துப்போச்சு, பாஷ்க்."

முதலில் குரோம் பட்டைகள்.
பதினாறு கிளிப்பில் ஐந்து
என் விரலிடுக்கிலேயே பிஸ்கட்டாய் நொறுங்கின.
ஜன்னல் ரப்பர் சாம்பல் பூத்து விறைத்திருந்தது.
முன்மூக்கு நட்சத்திரம் எப்போதோ திருட்டுப் போய்
அந்த இடத்தில் ஒரு பாட்டில் மூடி.
அழகாகத்தான் ஒட்டியிருந்தார்.

பிறகு உப்புத்தாள், தண்ணீர் விட்டு.
கறுப்பு கரைந்து முழங்கைவரை வழிந்தது.
கறுப்புக்கு அடியில் இன்னொரு கறுப்பு,
பட்டறைக்காரன் வேலை இல்லை,
தூரிகை மயிர் ஒன்று உள்ளே படுத்துக் கிடந்தது.
அதற்கும் அடியில்
மஞ்சளுமில்லை வெள்ளையுமில்லை,
காய்ச்சி ஆறிய பாலில் ஏடு படியும் நிறம்.

எனக்கு அந்த நிறம் தெரியும்.
மியூனிக்கில் ஆறு வருஷம் பம்பர் கழற்றிப் பிழைத்தவன் நான்.
ஸ்டேஷன் வாசலில் மழையில்
வரிசைகட்டி ஆளுக்குக் காத்து நிற்கும் நிறம்.

நம்பாமல் கூரைக்குப் போனேன்.
நடுவில், பட்டி வைத்து அடைத்த ஒரு துளை.
எங்கள் ஊரில் துளை என்றால்
தொண்ணூற்றேழுதான் முதலில் ஞாபகம் வரும்:
கோபத்துக்குச் சுட்டார்கள், கல்யாணத்துக்குச் சுட்டார்கள்,
பொழுது போகாமலும் சுட்டார்கள்.
ஆனால் தோட்டா தகரத்தைக் கிழிக்கும்.
இது டிரில் போட்ட வட்டம், ஒயர் இறங்கும் அளவு.
டாக்சி விளக்குக்கு.

கான்சல்!
சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.
இரண்டு நாள் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன்.
மூடிப் பூசுவதுதான் என் தொழில்,
பேனலுக்கு இவ்வளவு என்று ரேட் உண்டு.
செத்தவர் சொன்னதற்கு என்ன ரேட்?

மூன்றாம் நாள் அவளே வந்தாள், தக்காளிக் கூடையோடு.
நான் கை கழுவிவிட்டு வருவதற்குள்
தார்ப்பாயைத் தூக்கிவிட்டாள்.
"இது என்ன நிறம்?"
சொன்னேன். துளையையும் காட்டினேன்.
எக்கி நின்று அதில் விரல் வைத்தாள்,
தூர்ந்துபோன காதுத் துளையைத் தடவுவதுபோல.

"நான் ஏறி உட்கார்ந்ததும்," என்றாள்,
"பூசைக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும்,
என் அண்ணன் சாவுக்குப் போன அன்றைக்கும்கூட,
திரும்பிப் பார்க்காமல் கேட்பார்:
எங்கே போகணும், சீமாட்டி?
கொஞ்சல் என்று நினைத்தேன்.
முப்பது வருஷம்."

"கொஞ்சலாகவும் இருக்கலாம்," என்றேன்.
"வாயை மூடு, பாஷ்க்,"
சிரித்துக்கொண்டே, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

கறுப்பே அடிக்கச் சொன்னாள்.
டீசல் மூடியின் உள்பக்கம் மட்டும் தொடக்கூடாது.
ஓர் உள்ளங்கை அகலம்.
"பங்க்குப் பையன் பார்த்தால் பார்க்கட்டும்."

ஞாயிறு விடியலில் மூன்று பூச்சு.
காய்ந்தபின் ஆரஞ்சுத்தோல் சுருக்கம் போக
ரெண்டாயிரம் தாளால் நீவினேன்.
கதவில் என் முகம் தெரிந்தது, சவரம் செய்யாமல்.
ரப்பருக்கு கிளிசரின். பட்டைகளுக்குப் புதுக் கிளிப்.
புது நட்சத்திரமும் வாங்கிவைத்திருந்தேன்.
வேண்டாம் என்றாள். பாட்டில் மூடியையே பாலிஷ் போட்டேன்.

அவளுக்கு ஓட்டத் தெரியாது. பின்சீட்டில் ஏறினாள்.
அந்தக் கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது.
என்னுடையது இல்லையே அது.
கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் சும்மா இருந்தேன்.

பாலத்தில் இடப்பக்கக் கதவில் ஏதோ கடகடத்தது.
"ஒரு கிளிப் சரியாக உட்காரவில்லை," என்றேன்.

"நேரே போ," என்றாள்.