ஏறியவை, இறங்கியவை

கடைசி நிறுத்தத்தில் டிராமுக்கு ஒன்பது நிமிடம் ஓய்வு.
ஒன்பது நிமிடத்தில் ஒரு காபி குடிக்கலாம்.
கையுறையைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலால்
ஒரு வாஃபிள் அடுப்பு வாங்கலாம்.
நான் காபி குடித்ததில்லை.

இரண்டு நாள் கழித்து ஆறு இலக்கம் வரும்.
பனியில் சறுக்காமல் பக்குவமாக நடந்து
தெரு முனைப் பொட்டலப் பெட்டிக்குப் போவேன்.
எண்ணை அடித்ததும்
எண்பது கதவுகளில் ஒன்று மட்டும்
எனக்காக 'டக்'கென்று திறக்கும்.
உள்ளதைச் சொன்னால் நான் காசு கொடுத்தது
அந்த 'டக்'குக்குத்தான்.
பொட்டலம் அதோடு வந்த இலவசம்.

அப்படிச் சேர்ந்தது
மாதுளை உரிக்கும் கருவி,
போஸ்னானில் மாதுளை என்ன விலை என்று தெரிந்தும்.
சேர்ந்தது எலுமிச்சை வடிவத்தில் ஒரு விளக்கு.
சிவப்புச் செருப்பு, முப்பத்தெட்டாம் அளவு;
என் கால் முப்பத்தொன்பதரை.
என்றைக்காவது கால் மனம் மாறும் என்று நினைத்தேனோ என்னவோ.
பிறகு ஒரு கூடாரம், நாலு பேர் படுக்க.
அந்த நாலு பேர் யாரென்று
பணம் கட்டும்போது கேட்கவில்லை.

டிசம்பரில் என் மகள் கிங்கா வந்தாள், ஓர் இரவு தங்க.
அவள் அறையில் கட்டில் இருந்தது,
கட்டிலுக்குப் போக வழி இல்லை.
"கூடாரத்தை விரிச்சுக்கட்டுமா அம்மா?" என்றாள்.
இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.
அவள் தூங்கியபின் பிரிக்காத பெட்டிகளை மட்டும் எண்ணினேன்.
நாற்பத்தொன்றில் நிறுத்திக்கொண்டேன்.

ஆசையை நான் தடுப்பதில்லை இப்போது.
நிறுத்தத்தில் நிற்பவரை ஏற்றாமல் போக
ஓட்டுநருக்கு உரிமை கிடையாது.
ஏறட்டும். ஜன்னலோரம் உட்காரட்டும்.
நான் பாட்டுக்கு ஓட்டுகிறேன்.
செம்பு வாணலி மருத்துவமனையில் இறங்கிக்கொண்டது.
முடி சுருட்டும் கருவி
வார்த்தா ஆற்றுப் பாலம் தாண்டும் முன்பே.
சம்பள நாளில் ஏறுபவை அடம்பிடிக்கும்,
இரவு பதினொன்றரை வண்டியில் குடித்துவிட்டு வருபவர்போல
முன்னால் வந்து நின்று என் கண்ணாடியைத் தட்டும்.
முனையத்தில் போய்த் தோளைத் தொட்டு
எங்கே போகணும் என்று கேட்பேன்.
முக்கால்வாசிக்குத் தெரியாது.

ஒன்றே ஒன்று பதினொரு நாள் இறங்கவில்லை:
உள்ளே கம்பளி வைத்த பூட்ஸ்.
வாங்கினேன். முப்பத்தொன்பதரை.

மார்ச்சில் ஒரு சறுக்கல்.
செர்ரிக் கொட்டை எடுக்கும் கருவி.
அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

எங்கள் குடியிருப்பில் வேண்டாததைக்
குப்பைக் கொட்டகைக்கு வெளியே மதிலோரம் வைப்பார்கள்.
வைப்பவர் பெயர் சொல்வதில்லை,
எடுப்பவரும் சொல்வதில்லை.
வாஃபிள் அடுப்பு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.
செருப்பு இரவெல்லாம் பனியில் கிடந்தது,
விடியும்போது அளவான கால் ஒன்று வந்துபோயிருந்தது.
கூடாரத்தைத் தூக்கிப் போனது கீழ்த்தளத்து போரோவியாக் குடும்பம்.
படியில் எதிர்ப்பட்டபோது எண்ணிப் பார்த்தேன்,
கணக்காக நாலு பேர்.

நேற்று இரவு வேலை முடிந்து வருகையில்
எதிர்க் கட்டடம் மூன்றாம் மாடி ஜன்னலில்
என் எலுமிச்சை எரிந்துகொண்டிருந்தது.
அது இத்தனை அழகென்று எனக்குத் தெரியாது.
என் வீட்டில் இருந்த இரண்டு வருடத்தில்
அதற்கு ஒரு பல்பு போட்டதில்லை நான்.
கை உடனே போனுக்குப் போனது,
அதேபோல் இன்னொன்று கிடைக்குமா பார்க்க.

ஏறிக்கொள் என்றேன்.
மாடிப்படி நாலாவது திருப்பத்தில் இறங்கிவிட்டது.

கிங்காவின் கட்டிலுக்கு இப்போது வழி இருக்கிறது.
அலமாரியில் ஒரு தட்டு காலி.
அதில் என்ன வைப்பதென்று தெரியாமல்
முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறேன்.
எதிர் வீட்டில் விளக்கை
ஒரு மணிக்குத்தான் அணைக்கிறார்கள்.