முந்தைய கூடை

முதல் கூடைக்கு சைபர் காட்டும்.
"தூங்குது பெட்டி" என்று தட்டிவிட்டு மறுபடி வைப்பார்கள்,
சரியாகச் சொல்லும்.
பாம்பன் தெற்குவாடி ஏலக்கூடத்தில்
பத்து நாள் இது ஒரு வேடிக்கை.

பதினோராம் நாள் எமரிட்டா தராசை விட்டு நகரவில்லை.
"இது என் நண்டு இல்ல.
எனக்கு முன்னாடி ரொசாரி வச்ச சூடையோட எடை.
ஒவ்வொருத்தருக்கும் முந்தின ஆள் கணக்கச் சொல்லுது
நீ புதுசு பண்ணின பெட்டி."

நான் புதுசு பண்ணியது கெர்னலை மட்டும்.
தராசில் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை.
நாள் முடிவில் மொத்தம் லாரி எடையோடு ஏறக்குறைய ஒத்துப்போனது,
அதனால் சங்க அலுவலகத்தில் யாருக்கும் உறுத்தவில்லை.

பழைய குருடி கதவைத் திறடி என்று சலித்துக்கொள்வோமே,
அன்றிரவு எனக்கு அந்தக் குருடிதான் வேண்டியிருந்தாள்.
பழைய கெர்னலில் எழுப்பினேன்.
தராசு உண்மை பேசியது.

பழையதற்கும் புதியதற்கும் நடுவே எண்ணாயிரம் திருத்தங்கள்.
நடுவில் வெட்டு. ஐந்து கிலோ எடைக்கல்லை வை, எடு,
இரண்டு கிலோவை வை.
பொய்யென்றால் இந்தப் பக்கம், மெய்யென்றால் அந்தப் பக்கம்.
மறுபடி நடுவில்.
ஆறாவது வெட்டு எழும்பவே இல்லை, கறுத்த திரை;
பக்கத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டேன்.
ஒன்பதாவதில் கரண்ட் போனது.
கச்சான் மணலை அள்ளி விசைப்பலகைக்குள் போட்டது.
பதின்மூன்றாவது வெட்டில் அகப்பட்டது

மூன்று வரி.
யாரோ நல்ல எண்ணத்தோடு எழுதிய குறிப்பு:
"இங்கே இரண்டு மில்லி நொடி காத்திருக்கக்
காரணம் தெரியவில்லை. நீக்குகிறேன்."

வெளியே, பாலம் திறக்கட்டும் என்று
நேற்று மதியத்திலிருந்து
நங்கூரம் போட்டுக் கிடந்தன ஏழு படகுகள்.

அவர்மேல் தப்பில்லை. விதிப்புத்தகம் அவர் பக்கம்.
எங்கள் தராசின் சில்லுதான் மந்தம்,
கூடையை உணர அதற்கு அவ்வளவு நேரம் வேண்டும்.
எழுதி அனுப்பினேன்: எந்தத் தராசு, எந்தச் சில்லு, எந்த மூன்று வரி.
ஓடிக்கொண்டிருந்ததை உடைத்துவிட்டு
விதி சரி என்பது பதிலாகாது என்று
ஒரு வரி சேர்த்தேன், அழித்தேன், மறுபடி சேர்த்தேன்.
நான்காம் நாள் அந்தக் காத்திருப்பு திரும்பி வந்தது,
இம்முறை காரணத்தோடு.

பேரேடு?
அதுவும் மீண்டது, பெரும்பாலும்.
ஒவ்வொரு எடையையும் ஒரு வரி மேலே ஏற்றினால்
உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிடும்.
நாளின் கடைசிக் கூடைக்கு மட்டும் கீழே வரி கிடையாது.
சுவிட்சை அணைத்ததும் தராசு அதை விழுங்கிவிட்டது.
பதினோரு கூடைகள்.
ஏழு எமரிட்டாவுடையவை,
அவள் வீட்டு வள்ளம்தான் கடைசியாகக் கரை சேரும்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்.
விரலை மடக்கினாள், நிமிர்த்தினாள்,
கிழமை சொன்னாள், நண்டா கணவாயா சொன்னாள், கிலோ சொன்னாள்.
ஒரு நாளுக்கு மட்டும்
"அன்னைக்கு ஒண்ணுமே படல, காக்கிலோ போடு" என்றாள்.

சொன்னபடி எழுதினேன்.