சீ.ஆர். கொப்பியில் நண்டுகள்

குருநகர்க் கடற்கரை வீதியில்
நண்டுக் கொம்பனியின் பின்னறை எனக்கு.
ஒரு மேசை, ஒரு கணினி,
ஐஸ் பெட்டி கசியும் தண்ணீருக்கு மடித்துப்போட்ட சாக்கு.
சிங்கப்பூருக்குக் கடிதம் எழுதுவது என் வேலை.

வந்த புதிதில் கையில் இருந்தவை
குட், பாட், வெரி குட், வெரி பாட்.
எத்தனை வெரிதான் போடுவது?
"பிள்ளை, கொஞ்சம் பாரமான சொல்லாப் போடன்,
அவங்கள் எங்களை லேசா நினைக்கிறாங்கள்"
என்றார் முதலாளி யூஜின்.

அன்று பின்னேரமே வாங்கினேன்
நூற்றிருபது பக்கச் சீ.ஆர். கொப்பி.
நாளுக்கு மூன்று சொல்.
பொருளை எழுதினால் மறந்துபோகிறது,
ஆளை எழுதினால் நிற்கிறது.

மெற்றிக்குலஸ்:
ஒரே நண்டை மூன்று தரம் நிறுக்கிற மரியதாஸ்.
அம்பிகியுவஸ்:
சம்பளம் கூட்டக் கேட்டால் முதலாளி சொல்லும் "பாப்பம்."
கரூலஸ்:
பண்ணையில் ஏறி ஊர்காவற்றுறை மட்டும்
வாய் மூடாத பக்கத்துச் சீற்.
யுபிக்குவிற்றஸ்:
நண்டு மணம். தலைமயிரில், தாளில்,
ஞாயிறு பூசையில் முழங்காலில் நிற்கும்போதும்.

ரெசிலியன்ற் நான் தேடிய சொல்லல்ல.
வாங்குகிறவர் தாமாக அனுப்பியது:
உங்கள் சனங்கள் மிக ரெசிலியன்ற்.
அகராதியில் பார்த்தேன்.
இழுத்தால் நீளும், வளைத்தால் வளையும்,
விட்டதும் பழைய உருவுக்கு மீளும்.
நன்றி என்று பதில் போட்டேன்.
அந்தப் பக்கத்தில் ஆளின் பெயர் எழுதவில்லை.

வைகாசி வெயிலில் போன லொறி
வவுனியா தாண்டிப் பழுதாகி நின்றது.
மூன்றாம் நாள் கடிதம் வந்தது:
பன்னிரண்டு பெட்டியும் மொறிபண்ட்,
அரைவிலைதான்.

மொறிபண்ட். சாகக் கிடப்பது.
குற்றுயிர் என்று எழுதினேன், குலையுயிர் என்றும் எழுதினேன்.
அவர்களுக்கு ஒன்று, எங்களுக்கு இரண்டு
என்று சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வெட்கப்பட்டேன்.
ஒரு பெட்டிக்குப் பின்னால்
எத்தனை இரவுக் கடல்.

படத்தை மரியதாஸிடம் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"ஆர் சொன்னது சாகுதெண்டு?
கண் உள்ளுக்குப் போகேல்லை, கால் தொங்கேல்லை.
ஐஸ் கூடிப்போச்சு பிள்ளை.
விறைச்சிருக்கு, அவ்வளவுதான்."

விறைப்புக்குச் சொல் தேடி
இரவு ஒன்றரை மட்டும் புரட்டினேன்.
நம்: பல்லுக்கு ஊசி போட்டதுபோல் இருந்தது.
ஸ்டிஃப்: கஞ்சி போட்ட சட்டை.
லெதார்ஜிக்: மத்தியானச் சோற்றுக்குப் பின் நான்.
கரண்ட் போனது. கைத்தொலைபேசி வெளிச்சத்தில்
டீ எழுத்தின் கடைசிப் பக்கங்களில் கிடந்தது
டோர்பிட்:
குளிரால் அசைவற்று, உயிரோடு இருப்பது.

ஐயா, அவை மொறிபண்ட் அல்ல, டோர்பிட்.
ஐஸை எடுத்துவிட்டு, ஈரச் சாக்கு மூடி,
அரை மணிநேரம் சும்மா விடுங்கள்.
வெரி என்று ஓரிடத்திலும் போடவில்லை.

ஒரு பகல் பதில் இல்லை.
பிறகு ஒரே வரி:
ஒன்பது பெட்டி நடந்தன. முழு விலை.

முதலாளி எல்லோருக்கும் றோல்ஸும் பிளேன்ரீயும் எடுத்தார்.
"அந்தச் சொல் என்ன சொல்லு பிள்ளை?"
இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்,
மூன்றாம் தரம் டொபி ஆகிவிட்டது.
சம்பளம்?
"பாப்பம்."

மற்ற மூன்று பெட்டியை யாரும் பேசவில்லை.

மாலை, இங்கேயே செத்த ஒரு நண்டைக் கழிக்கும்போது
அதன் கவட்டில் மாட்டியிருந்த றப்பர் வளையத்தை
கத்தரிக்காமல் மெல்லக் கழற்றினேன்.
கவடு மூடியபடியே கிடந்தது.
றப்பர் மட்டும்
என் விரலில் பழைய வட்டமாக மீண்டது.

கொப்பியைத் திறந்து
ஆளில்லாமல் விட்ட பக்கத்தில்
அதை ஒட்டிவைத்தேன்.