தெரிந்தவுடன்

ஹாலிஃபாக்ஸ் துறைமுகம் இன்றும் தெரியவில்லை.
பதினோராம் மாடி ஜன்னலில்
மூடுபனி மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறது.

நாற்பத்தோராயிரம் மின்னஞ்சல்கள்.
என் கட்சிக்காரர் ஹார்லன் ஸ்விக்கர்,
எதிர்த்தரப்பு யூக்லீட் கோமோ.
இருபத்திரண்டு வருடம் சேர்ந்து
சிங்கி இறாலை உறையவைத்து
பாஸ்டனுக்கு அனுப்பியவர்கள்.

ஒரு திங்கட்கிழமை கிடங்கின் கம்ப்ரஸர் நின்றது.
முப்பத்தெட்டு டன்.
நாற்றம் நெடுஞ்சாலை வரை வந்ததாம்:
சான்றாவணம் 112, லாரி ஓட்டுநர் ஒருவரின் வாக்குமூலம்.

ஒப்பந்தம், பிரிவு பதினான்கு, உட்பிரிவு மூன்று:
'பழுது தெரிந்தவுடன் மற்றவருக்கு அறிவிக்க வேண்டும்.'
கோமோ அறிவித்தது ஞாயிற்றுக்கிழமை.

உடன் என்றால் எவ்வளவு நேரம்?
இந்த ஒரு கேள்விக்கு
நான்கு வருடம், மூன்று நிபுணர்கள்,
மணிக்கு ஐந்நூற்று எண்பது டாலருக்கு நான்.
என் நாளை ஆறு ஆறு நிமிடமாக நறுக்கி
ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைக்கிறேன்.

"ஆறு நாள் என்ன செய்தீர்கள்?"
"சரிசெய்யப் பார்த்தேன்."
"ஹார்லனிடம் ஏன் சொல்லவில்லை?"
அவருடைய வக்கீல் ஆட்சேபித்தார்.
கோமோ கையமர்த்தினார்.
"சனிக்கிழமை அவன் மகளுக்குக் கல்யாணம்."

சுருக்கெழுத்தாளரின் விரல்கள்
அதையும் மற்ற வரிகளைப் போலத்தான் தட்டின.

மின்னஞ்சல் 30,817 நினைவுக்கு வந்தது.
'நீ முதல் வரிசையில் உட்கார வேண்டும். சாக்குச் சொல்லாதே.'
போன மார்ச்சில் நானே அதற்கு
'தொடர்பற்றது' என்று குறியிட்டிருந்தேன்.

வழக்குக்கு அருமையான பதில்.
தெரிந்தே மறைத்தேன் என்று தன் வாயால் சொல்லிவிட்டார்.
இரண்டு கோடு போட்டேன் அடியில்.

இடைவேளையில் ஹார்லன் கேட்டார்:
"இது நமக்கு நல்லதா?"
"ரொம்ப நல்லது."
பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.
ஒன்றுமே தெரியாத ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்:
"அன்றைக்குக் காலணியைக் கழற்றிவிட்டு ஆடினான்.
என் மாமியாரையும் இழுத்துக்கொண்டு."

அப்புறம் பேச்சில்லை.
ஆறு நிமிடம் போனது.
இன்னும் ஆறு.

நேரத்தாளில் அந்த இரண்டு கட்டங்களுக்கு எதிரே
ராத்திரி நான் எழுதியது:
கட்சிக்காரருடன் ஆலோசனை.