மேற்குச் சரிவு, மூன்றாம் வரிசை

பதினோரு வருடமாக இந்த விகாரைக்கு
முதுகைக் காட்டித்தான் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.
முப்பத்தெட்டு மாடிக் கண்ணாடி,
ஒரு கயிறு, ஒரு பலகை, சோப்பு நீர்.
அழுக்கை வழித்து இறக்க இறக்க
பின்னால் இருப்பது முன்னால் துலங்கும்:
சாம்பல் ஓடுகள், மணிக்கூண்டு,
முற்றத்தைப் பெருக்கியபடி நகரும் ஒரு புள்ளி.

இன்று விடுப்பு.
சியோலில் விடுப்பு கிடைத்தவன் கடலுக்குப் போவான்.
நான் தினமும் இறங்கும் அதே சுரங்க ரயில் நிலையத்தில்
ஆறாம் வாசலை விட்டு
ஒன்றாம் வாசல் வழியே மேலேறினேன்.
என் யாத்திரை அவ்வளவுதான்.

மணிக்கூண்டைப் பார்க்க இடப்பக்கம் திரும்பினேன்.
கழிப்பறை இருந்தது.
கண்ணாடியில் படித்த ஊர்
இடம் வலமாகக் கிடக்கிறது.
கூரையையும் காணோம்.
கீழே நிற்பவனுக்கு ஏது கூரை?
பச்சையும் சிவப்புமாய்த் தீட்டிய உத்தரம்தான்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
இதன் முதுகு.

ஓடு விற்கும் மேசை. ஒன்று பத்தாயிரம் வோன்.
வெள்ளை மையில் வேண்டுதல் எழுதித் தந்தால்
கூரை பிரித்து வேயும்போது ஏற்றிவிடுவார்களாம்,
எழுத்து உள்பக்கம் பார்க்க.
எனக்கு முன்னால் நின்றவள்
மகனின் தேர்வு எண்ணை எழுதினாள்.
ஒருவர் ‘முழங்கால்’ என்று மட்டும்.
ஒரு பையன் கடன் தொகையை,
காற்புள்ளி விடாமல்.

என் முறை. தூரிகை சொட்டுகிறது.
உனக்கு என்ன வேண்டும் என்று
யாரும் என்னைக் கேட்டு நாளாயிற்று.
கிழக்குச் சரிவு என்று தொடங்கி,
கண்ணாடி நினைவு வந்து, அடித்துவிட்டு எழுதினேன்:
மேற்குச் சரிவு. மேலிருந்து மூன்றாம் வரிசை.
ஒன்பதாவது ஓடு உடைந்திருக்கிறது.
பக்கத்தில் ஒரு செடி.

மேசைக்காரி ஹ்வாங் சுன்னே
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தாள்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்
கூடத்துக்குள்.
புத்தருக்கு அருகே, விளக்குக்குப் பின்னால்
நீல பிளாஸ்டிக் வாளி.
டப்.
நேற்றைய மழை இங்கே இன்னும் முடியவில்லை.
“மூன்று கோடையாக இப்படித்தான்.
ஏணி வைத்து இரண்டு முறை தேடியாகிவிட்டது.
எங்கோ நுழைந்து எங்கோ சொட்டுகிறது.”
புத்தர் வாளியைப் பார்க்கவில்லை.
பாராதது போலவும் இல்லை.

பத்தாயிரத்தை அவள் திருப்பித் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.

மதியம் சோறும் கீரையும், தொட்டுக்கொள்ள மிளகாய் விழுது.
உண்ட கிண்ணத்தை அவரவரே கழுவ வேண்டும்.
மேலிருந்து கீழாக, ஒரே வழிப்பில்,
நீர்க்கோடு விழாமல் நான் துடைப்பதை
இளம் பிக்கு ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார்.
பிறகு தன் கிண்ணத்தை
மறுபடி கழுவினார்.

கிளம்பும்போது முற்றத்தின் நடுவில் நின்று
அண்ணாந்தேன்.
இருபத்திரண்டாம் மாடியில் மா தோங்ரிப்,
இன்று என் பாதியையும் சேர்த்துத் துடைக்கிறான்.
வலக்கையை உயர்த்தி ஆட்டினேன்.
திரும்ப மாட்டான். கயிற்றில் திரும்பக் கூடாது.
ஆனால் அவன் முகத்துக்கு நேரே, கண்ணாடியில்,
ஒரு புள்ளி இடக்கையை ஆட்டியிருக்கும்.

அவன் கை ஒரு கணம் நின்றது.
பிறகு அதே இடத்தை
இன்னொரு முறை அழுத்தித் துடைத்தான்.