தாமதத்துக்கான காரணம்

வவுனியா ஓடுபாதை. காலை ஏழு இருபது.
வயிறு பருத்த சாமான்காவி ஒன்று
நாலு விசிறியும் இரைய
மெதுவாய், மிக மெதுவாய் ஏறி
தெற்கே ஒரு புள்ளியாகி
அதுவும் இல்லை.

எங்கள் சின்ன விமானம்
பாதிப் பாதையில் திரும்பும் இடத்தில் நிற்கிறது,
உடம்பெல்லாம் நடுங்க.
மடியில் வரைபடம்.
வெள்ளத்தில் உடைத்த குளக்கட்டுகள்
நாற்பத்தொன்று என்று பட்டியல்.
பத்து மணிக்கு முகில் கட்டிவிடும்.
அதற்குள் பார்த்து முடிக்க வேண்டும்.

"போகலாம்தானே, பாதையில ஒண்டுமில்லையே" என்றேன்.
இமெல்டா திரும்பவில்லை.
"இருக்கு" என்றாள்.

பேசாலைக்காரி.
பெரிய றோலர் கடந்த தண்ணீரில்
வள்ளத்தை உடனே குறுக்கே விடாத தகப்பனின் மகள்.
சொன்னாள்:
இறக்கையின் கீழே அழுந்திய காற்று
நுனியால் நழுவி மேலேறப் பார்க்குமாம்.
ஏறும்போது சுருளும்.
இரண்டு நுனி, இரண்டு சுருள்,
ஒன்றுக்கொன்று எதிராய்ச் சுழன்று
பின்னால் தங்கி மெல்லத் தாழும்.
பாரம் கூடினால் முறுக்குக் கூடும்.
ஆறுதலாய்ப் பறந்தால் இன்னும் கூடும்.
பலத்த காற்றென்றால் இரண்டையும் அள்ளிக்கொண்டு போகும்.
இன்றைக்கு வீசும் இந்த அரைத்தூக்கக் காற்று
ஒன்றை மட்டும் பிடித்து
எங்களுக்கு முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறது.

"முனையில இருந்து ஏறினா ரெண்டு நிமிசம்.
பாதியில இருந்தெண்டா மூண்டு."
கோபுரத்துக் குரலும் அதையே சொல்லிற்று.

நான் நம்பியது அவர்களுக்காக அல்ல.
ஏ ஒன்பதில் சைக்கிள் மிதித்தவனுக்கு
இது முழங்காலில் எழுதியிருக்கிறது.
கொழும்பு பஸ் வரும்போது வெளியே தள்ளும்,
கடந்தபின் உள்ளே இழுக்கும்.
ஓமந்தையில் ஒரு மார்கழி,
தப்பினேன் என்று கைபிடியைத் தளர்த்தியபோதுதான்
கானுக்குள் கிடந்தேன், இரசாயனக் கொப்பியோடு.
பஸ்ஸில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்க்க அவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லையே.

அதற்கும் முன்னால் இன்னொன்று.
கிபிர்.
சத்தம் வந்து சேர்ந்தால் அது போய்விட்டது.
பள்ளிக்கூடம் இல்லாத வருசத்திலும்
நாங்கள் படித்த பௌதிகம்.
இமெல்டாவிடம் சொல்லவில்லை.
மூன்று நிமிடத்துக்குள் சொல்லி முடிகிற விசயமில்லை.

வேலிக்கு அப்பால் யாரோ ஈரக் குப்பை கொளுத்துகிறார்கள்.
நேரே எழும்பிய புகை
ஓடுபாதைக்கு மேலே வந்ததும் படுத்தது.
படுத்த புகையை
ஆளில்லாத கை ஒன்று
பாய் சுற்றுவதுபோல் சுற்றியது.
அதற்குள் நுழைந்த கொக்கு
ஒருபக்கமாய்ச் சரிந்து, இறகு கலைந்து,
வந்த வழியே போயிற்று.

நான் மணிக்கூட்டைப் பார்ப்பதை நிறுத்தினேன்.

பிறகு ஏறினோம்.
மரங்களுக்கு மேலே ஒரு சின்னத் தட்டு.
பேனை மடியிலிருந்து உருண்டது.
"கொஞ்சம் மிச்சமிருக்கு" என்றாள்,
கழுத்துச் சிலுவையைத் தொட்டாளா
பட்டியைச் சரிசெய்தாளா தெரியவில்லை.

கீழே பாவற்குளம், பெயரில்லாத சின்னக் குளங்கள்,
கட்டு உடைத்த இடங்களில்
சிவப்பு மண் நாக்கு நீட்டிக் கிடந்தது.
முப்பத்தேழு பார்த்தோம்.
நாலு முகிலுக்குள்.

கந்தோரில் படிவம்.
புறப்பட்ட நேரம். தாமதம்.
தாமதத்துக்கான காரணம்: பாதை மறிப்பு.
மறித்தது எது என்ற கட்டத்தில்
முன்னால் போன விமானம் என்று எழுதினேன்.

எழுதுவினைஞர் இரகுபரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"போனது எப்பிடி ஐசே மறிக்கும்?"
கேட்டுவிட்டு,
பதிலுக்கு நில்லாமல்
சீல் குத்தினார்.