பன்னிரண்டுக்கு அடுத்து

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பரீட்சை.
ஒன்றாம் வகுப்பில் இருபத்தைந்து இடம்,
விண்ணப்பம் நானூற்றுப் பதினெட்டு.
இந்தக் கழித்தலை மட்டும்
அவளுக்கு நான் சொல்லித்தரவில்லை.

ஷார்ஜா நஹ்தாவில், எங்கள் சாப்பாட்டு மேசைமேல்
நெய் டின் நிறையப் பேரீச்சங்கொட்டை.
நோன்பு மாதம் முழுக்க ஜொஹரா
கழுவிக் காயவைத்துச் சேர்த்தது.
ஏழு கொட்டை இந்தப் பக்கம்
ஐந்து அந்தப் பக்கம்.
"மனசுல ஏழு, விரல்ல அஞ்சு.
ஏழுக்கு அப்புறம்?"

ருமைஸா ஒரு கையை நெஞ்சில் அழுத்திக்கொள்கிறாள்,
உள்ளே வைத்த ஏழு நழுவிவிடக் கூடாதாம்.
மறு கையில் எட்டு, ஒன்பது, பத்து என மடக்குகிறாள்.
அவளுக்குச் சுண்டுவிரல் தனியாக மடங்காது,
மோதிர விரலையும் இழுத்துக்கொண்டுதான் வரும்.
அதனால் விடை
ஒரு நாள் பன்னிரண்டு
ஒரு நாள் பதினொன்று.

எதிர் ஃபிளாட் கோட்டயத்துப் பையன்
அபாகஸ் வகுப்புக்குப் போகிறான்.
காற்றில் இல்லாத மணிகளைத் தள்ளி
லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதே விடை சொல்கிறான்.
யாரும் கேட்காமலே சொல்கிறான்.

"ஆறு வயசுப் புள்ள, விடுங்களேன்" என்பாள் ஜொஹரா.
என்றவளே
மீன் பொரிகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி
"எட்டும் ஆறும்?"

நான் டைப்பிங் சென்டரில் வேலை செய்பவன்.
பிறர் பெயரை, பிறந்த தேதியை,
பதினைந்து இலக்க அடையாள எண்ணை
பகலெல்லாம் பிழையில்லாமல் அடிக்கிறேன்.
ராத்திரி எட்டும் ஆறும் எத்தனை என்று
எனக்கே ஒரு நொடி சந்தேகம் வருகிறது.

இத்திஹாத் சாலையில் வண்டிகள் நகராத அந்திகளில்
முன்னால் நிற்கும் நம்பர் பிளேட்டைக் கூட்டச் சொல்வேன்.
நாலும் ஒண்ணும் அஞ்சு,
அஞ்சும் எட்டும்...
அதற்குள் அந்த வண்டி தடம் மாறிவிடும்.
"வாப்பா, கணக்கு ஓடிப்போச்சு."

வியாழன் இரவு.
ரத்தான விசாப் படிவங்களின் பின்பக்கத்தில்
நானே அச்சடித்த இருபது கணக்கு.
பத்தொன்பது சரி.
சுண்டுவிரல்கூட ஒத்துழைத்திருக்கிறது.
தவறியது, அவள் சிரிப்பாள் என்று
கடைசியில் நான் வைத்த கணக்கு:
பன்னிரண்டும் ஒன்றும்.
பதினான்கு என்று எழுதியிருந்தாள்.

குரலை உயர்த்திவிட்டேன்.
ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது,
உயர்த்திவிட்டேன்.
அழவில்லை அவள்.
என் ஆட்காட்டி விரலைப் பிடித்து
செருப்புகூடப் போடாமல்
வெளியே கூட்டிப் போனாள்.

லிஃப்ட்.
அவள் எண்ணப் பழகிய முதல் பலகை.
என் இடுப்பில் உட்கார்ந்து
அழுத்தி அழுத்தி ஒளியேற்றியவை எல்லாம்.
ஜி, எம், ஒன்று, இரண்டு என்று தொட்டுக்கொண்டே போனாள்.
தண்ணீர் கேன் இறக்கிவிட்டு வந்த ஆள்
கதவைத் தோளால் தாங்கிக் காத்திருந்தார்.
பத்து. பதினொன்று. பன்னிரண்டு.
அடுத்த பொத்தானில் நிறுத்தி
என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
பதினான்கு.
எங்கள் வீடு.

எந்த முதலாளியோ, எந்தப் பயத்திலோ
விட்டுவிட்டுக் கட்டிய எண்.
ஐந்து வருடமாக அதற்குள்தான்
குடியிருக்கிறோம், சமைக்கிறோம்,
வாடகை கொடுக்கிறோம்.
ஆயிரத்து நானூற்று மூன்று என்று
எத்தனை படிவத்தில்
என் கையாலேயே அடித்திருக்கிறேன்.

"சரிதான்மா" என்றேன்.
பிறகு, "ஆனா பரீட்சையில பதிமூணுன்னு எழுதிரு."
"அப்ப வீட்டுக்கு வர?"
"பதினாலு."

கொஞ்ச நேரம் யோசித்தாள்.
ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.
மறு கையைப் பொத்தானுக்கு நீட்டினாள்.
"மனசுல பதிமூணு,
விரல்ல பதினாலு."